பித்தளை மணியும் பச்சை விளக்கும்

வாசகப் பெருமக்களே, வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் போதாது, கூடத்திற்குள்ளேயே வாருங்கள். சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த முக்காலியைப் பாருங்கள். ஆறு வாரங்களாக வெறுமையாய்க் கிடந்த முக்காலியின்மேல் இன்று காலை ஒரு பித்தளை மணி வந்து குந்தியிருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். உச்சியில் ஒரு தட்டுத் தட்டினால் 'டிங்' என்னும். அவ்வளவே அதன் மொழி. அந்த ஒற்றைச் சொல் ஒரு பெண்ணின் பத்தாண்டு உறக்கத்தைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது. சாட்சிக்கு உங்களைத்தான் அழைக்கிறேன். ஏனென்றால், பொன்னைத் திருடியவனுக்குச் சிறை உண்டு, பொருளைத் திருடியவனுக்குத் தண்டனை உண்டு. உறக்கத்தைத் திருடியவன்மேல் புகார் எழுத எந்தக் காவல் நிலையத்திலும் காகிதம் கிடையாது.

மணியைத் துலக்கியவர் யார் என்று கேட்பீர்கள். அந்தப் பெண்ணேதான். கணவன் இழுப்பறையைத் திறந்து மணியை எடுத்து நீட்டி, அப்பா கேட்கிறார், துடைத்து வை என்றான். மனைவி துடைத்து வைத்தார்.

சென்ற வாரங்களைப் படித்தவர்களுக்கு இந்த வீட்டாரைத் தெரியும். புதிதாய் வருவோர்க்குச் சுருங்கச் சொல்கிறேன்.

மணிக்கு உரியவர் மாமனார். பெரிய அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராயிருந்து ஓய்வு பெற்றவர். கடைநிலை ஊழியரை அழைக்க மேசையில் வைத்திருந்த மணியை, விடைபெறும் நாளில் ஊழியர்களே பரிசாகக் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். அன்பினால் என்று அவர் இன்றுவரை நம்புகிறார். இனி அது அந்தக் கட்டடத்தில் ஒலிக்கக் கூடாது என்பதற்காகவே கொடுத்தார்கள் என்பது என் துணிபு.

மாமனாரின் மகனைப் பணியாட்கள் 'பட்டையார்' என்பார்கள். மணிக்கட்டில் அணியும் பட்டை ஒன்றைத் தன் தொழிற்கூடத்தில் செய்து விற்கப் புறப்பட்டிருப்பவர். தோலின்மேல் மிக மெல்லத் தட்டித் தட்டி, படபடக்கும் நெஞ்சை அடக்கி, உறக்கத்தைக் கொண்டுவரும் என்பது அவர் வாக்கு. 'மாத்திரை வேண்டாம், நித்திரை வரும்' என்று பெட்டியின்மேல் அச்சடித்திருக்கிறார்.

அவர் தங்கை, வீட்டாருக்குக் 'குட்டி வக்கீல்', அந்தப் பட்டைகளைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பில் இருப்பவள். பாதிப் பேருக்கு உண்மைப் பட்டை, பாதிப் பேருக்கு உள்ளே ஒன்றுமில்லாத பொம்மைப் பட்டை. எது எவர் கையில் என்பது கட்டிக்கொண்டவருக்கும் தெரியாது, கட்டிவிடும் அவளுக்கும் தெரியாது. அந்த விவரம் வெளியாள் ஒருவரிடம் இருக்கிறது. நாளை அவர் வந்து வெளியிட வேண்டும்.

பட்டையாரின் மனைவி, பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவர். ஊரார் அவரை ஆசிரியை என்பார்கள். அந்த வீட்டில் மட்டும் அப்படி அழைப்பார் இல்லை. நாம் அழைப்போம். பல ஆண்டுகளாக நெஞ்சுப் படபடப்பும் உறக்கமின்மையுமாய்த் தேய்ந்த அவர், சோதனைக்காகப் பட்டை கட்டிய இந்த ஆறு வாரத்தில் குழந்தையைப் போல் உறங்கினார். ஆகவே இன்று பிற்பகல் கடைக்காரர்கள் கூடும் அரங்கில் அவர் மேடையேறி, 'பட்டை எனக்கு உறக்கம் தந்தது' என்று சொல்ல வேண்டும். சென்ற வாரம் கணவரிடம் அதற்குச் சம்மதித்தும் விட்டார்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே பட்டையார் ஆணைகளை அடுக்கினார். சோதனை நேற்றோடு முடிந்தது. இன்று மேடை. இன்று முதல் வீடு பழையபடி நடக்கும். சோதனைக்கென்று தங்கை வகுத்த விதிகள், அதாவது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பட்டை கட்டியவரை யாரும் அழைக்கலாகாது, கதவைத் தட்டலாகாது, அவர் வேலையை வேறொருவர் பார்க்க வேண்டும் என்ற விதிகள், நேற்றோடு செத்துவிட்டன.

ஆசிரியை அடுப்பருகே நின்றபடி கேட்டார்.

"அப்போ இனிமே ராத்திரி கதவைச் சாத்திக்க முடியாதா?"

"எதுக்குச் சாத்தணும்? அப்பா கூப்பிட்டா எழுந்து போ. வந்து படு. கையில பட்டை இருக்கே, மறுபடி தூக்கம் வரும். அதுக்குத்தானே அதைச் செஞ்சிருக்கேன்."

கேட்டீர்களா? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள் என்று பழமொழி சொல்லும். இந்த மனிதர் கிள்ளுவதையும் நிறுத்தவில்லை, தொட்டிலையும் விலைக்கு விற்கிறார்.

கூடத்தில் மாமனார் மணியைச் சோதித்துப் பார்த்தார். ஒருமுறை தட்டினார். முகம் சுளித்தார். மறுபடி தட்டினார். சத்தம் முன்னைப் போல் இல்லை என்றும், இழுப்பறையில் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்றும் குறைபட்டார்.

"ஆறு வாரம் தூங்கி எழுந்த மணி மாமா. ரெண்டு நாள் வேலை வாங்கினா சரியாயிடும்" என்றார் ஆசிரியை.

மாமனாருக்கு அதில் இருந்த முள் தைக்கவில்லை. அனுபவம் பேசுகிறது என்று தலையாட்டினார்.

புறப்படும் அவசரத்தில் மாமனாருக்கு மேல்சட்டை, பட்டையாருக்குப் பேச்சுக் குறிப்பு, கதவுக்குப் பூட்டு எல்லாவற்றையும் ஆசிரியையே தேடித் தந்தார். அன்று அவருடைய கைப்பை வழக்கத்தைவிடக் கனத்தது. விடைத்தாள்களைச் சுமந்து வருகிறாள் போலும் என்று எண்ணிய பட்டையார், இன்றைக்கும் பள்ளிக்கூட நினைப்பா என்று கடிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மனைவியையும் தந்தையையும் அரங்கில் இறக்கிவிட்டு, காட்சிக்கு வைக்கப் பெட்டிகள் எடுத்துவரத் தொழிற்கூடத்துக்குப் போனார். அங்கே வாசலிலேயே தங்கை வழிமறித்தாள்.

நீண்ட கூடம் அது. ஒரு பக்கம் பட்டைக்குத் துணி தைக்கும் எந்திரங்கள். மறுபக்கம் சுவரெங்கும் கொக்கிகள், கொக்கிகளில் சோதனை முடிந்து திரும்பிய பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். எல்லாம் ஒரே நிறம், ஒரே எடை, ஒரே பச்சை விளக்கு. உண்மை எது, பொம்மை எது என்று பெற்ற தாயாலும் பிரித்தறிய முடியாது. அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றாள் தங்கை.

அவள் வாதம் நேரானது. விவரம் வெளியாவது நாளை. அதற்கு முன் அண்ணியை மேடையேற்றுவது பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்து ஊருக்கு விருந்து வைப்பதாகும். ஒரு நாள் பொறுத்தால் என்ன குடி முழுகிப் போகும்?

கடைக்காரர்கள் பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றார் பட்டையார். பட்டை கட்டியவர்கள் எல்லாரும் முன்பைவிட நன்றாக உறங்கியதாகத்தானே சொல்கிறார்கள், அவளே அதை எழுதிக் கொடுக்கவில்லையா என்றும் மடக்கினார்.

"எல்லாரும்னா எல்லாரும்தான் அண்ணா. பொம்மை கட்டினவங்களும் அதுல இருக்காங்க. அவங்களும் நல்லாத்தான் தூங்கியிருக்காங்க. பட்டை பொய்னு நான் சொல்லலை. உண்மையான்னு இன்னும் தெரியாதுன்னு சொல்றேன். தெரியாததை அண்ணி வாயால சொல்ல வைக்காதே."

"எதையும் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கிற புத்தி உனக்கு. அதனாலதான் உன்கூட யாரும் நிலைக்கலை."

தையல் எந்திரங்கள் ஒரு கணம் ஓய்ந்தன. தைப்பவர்களுக்குக் காது உண்டு என்பதைப் பட்டையார் எப்போதும் மறந்துவிடுவார்.

"நிலைச்சவங்க நிலைமையைத்தான் தினமும் உன் வீட்டுல பார்க்கிறேனே" என்றாள் தங்கை.

எந்திரங்கள் மீண்டும் ஓடின, முன்னைவிடச் சற்று வேகமாக. சிரிப்பை மறைக்க அதைவிட நல்ல ஓசை கிடையாது.

பட்டையார் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அண்ணியை அலங்கரித்துப் பட்டையைச் சரிபார்த்துக் கொடுப்பது உன் வேலை, வாதாடுவது அல்ல என்று தங்கைக்குச் சொல்லிவிட்டே போனார். அவளும் கோபத்தை விழுங்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அண்ணியைத் தனியே மேடைக்கு அனுப்ப அவளுக்கு மனமில்லை.

அரங்கின் மேடைக்குப் பின்னால் ஒரு சிறிய அறை. சுவரை மறைக்கும் ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலிகள், மூலையில் உடைந்த ஒலிபெருக்கி. ஆசிரியை ஒரு நாற்காலியில் அமர்ந்து, பேச வேண்டியதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைத் திருப்பினாள். பச்சை விளக்கு எரிந்தது.

மேடையில் நடுவழியில் விளக்கு அணைந்து மானம் போகக் கூடாது, சிறிது நேரம் சார்ஜ் போட்டுவிடலாம் என்று தங்கை தன் பையைத் திறந்து தாங்கியை எடுத்தாள். பட்டையை வைத்து மின்சாரம் ஏற்றும் சிறு தட்டு அது.

"இதைப் போட்டுத்தான் ஆகணுமா?" என்றார் ஆசிரியை. குரலில் ஒரு தயக்கம்.

"தினமும் காலையில போடுறதுதானே அண்ணி."

வீட்டுப்பாடம் செய்யாத மாணவியின் முகம் கணக்கு ஆசிரியைக்கு வந்துவிட்டது. பிறகு மெதுவாக ஒப்புக்கொண்டார். படுக்கையறையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் கணவரின் கைப்பேசி இருக்கும், அதை எடுத்தால் முகச்சவர எந்திரம் இருக்கும். அடுப்படியில் காலை நேரத்தில் பிளக் பாயிண்ட் ஓய்வதில்லை. கூடத்தில் இருப்பது மாமனாரின் வானொலிக்கு.

"அவர் போனைப் பிடுங்கிட்டு என் பட்டையைச் சொருகினா வீடு தாங்குமா? நீ வாராவாரம் கேட்கும்போதெல்லாம் தலையாட்டிட்டேன். திட்டுவியேன்னு பயம். விளக்குதான் எரிஞ்சுக்கிட்டே இருந்ததே, போதும்னு விட்டுட்டேன்."

"ஒரு நாள்கூடப் போடலையா?"

"ஒரு நாள்கூட."

தங்கை தாங்கியை மடியில் வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஏன் என்று சொல்கிறேன். உண்மைப் பட்டைக்குள் ஒரு சிறு மோட்டார் இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும். தட்டு மிக மெல்லியது, கட்டியவருக்கே புலப்படாது. உடல் உணரும், மனம் அறியாது என்பது பட்டையாரின் விளக்கம். அப்படி உழைக்கும் பட்டை ஒரு பகல் ஓர் இரவைத் தாண்டாது, சார்ஜ் இல்லாவிட்டால் விளக்கணைந்து செத்துவிடும். பொம்மைப் பட்டைக்குள் மோட்டார் இல்லை. பச்சை விளக்கு எரிவதற்கு மட்டும் ஒரு பொத்தான் பேட்டரி, மாதக்கணக்கில் எரியும். இந்த வேற்றுமையை மறைக்கத்தான், எல்லாரும் காலைதோறும் தாங்கியில் வைக்க வேண்டும் என்று தங்கை விதி செய்திருந்தாள். மற்றவர் வீடுகளுக்கெல்லாம் போய்த் தாங்கியைச் சரிபார்த்தவள், சொந்த அண்ணி வீட்டில் தலையாட்டலை நம்பிவிட்டாள். ஊருக்கெல்லாம் வேலி கட்டியவள் தன் தோட்டத்தைத் திறந்துபோட்டாள்.

"அண்ணி, உங்க கையில இருந்தது பொம்மை."

கூட்டம் சேரும் ஓசை சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. ஆசிரியை பட்டையைக் கழற்றவில்லை. அதன் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவமானம் முதலில் வந்தது. இத்தனை நாள் ஓர் ஏமாற்றுப் பொருளுக்கா நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன் என்ற கூச்சம். பிறகு அவருக்குள்ளிருந்த கணக்கு ஆசிரியை விழித்துக்கொண்டார்.

"ஆனா நான் தூங்கினது பொய்யில்லையே."

"இல்லை அண்ணி."

"ஆறு வாரமா மாறினது ரெண்டு. ஒன்னு, கையில பட்டை. இன்னொன்னு, ராத்திரி என்னை யாரும் எழுப்பலை. பட்டையைக் கழிச்சுட்டா மிச்சம் என்ன?"

குட்டி வக்கீல் தாங்கியைப் பைக்குள் போட்டு மூடினாள். சோதனை கெடாதிருக்க ஓசையை விலக்கி, அழைப்பை விலக்கி, அவள் போட்டுவைத்த வேலிதான் மருந்தாக வேலை செய்திருக்கிறது. சோதிக்க வந்த பொருள் சும்மா இருந்திருக்கிறது. பொம்மை கட்டியவர்களெல்லாம் ஏன் நன்றாக உறங்கினார்கள் என்ற கேள்விக்கு அவளுக்கு அந்த அறையிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

நேரமாகிவிட்டது என்று கதவைத் திறந்து தலையை நீட்டினார் பட்டையார். இருவர் முகத்தையும் பார்த்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தங்கை நடந்ததைச் சொன்னாள். அவர் மனம் கலங்கியதாகத் தெரியவில்லை. சேதம் எவ்வளவு என்று கணக்கிடும் வியாபாரியின் நிதானம் அவரிடம் இருந்தது.

ஆசிரியை அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சோதனை நடந்தப்போ மாமா ராத்திரி யாரைக் கூப்பிட்டார்? மணியை எடுத்துட்டு, வேணும்னா என்னைக் கூப்பிடுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"என்னை எதுக்குக் கூப்பிடணும்? அவர் பாட்டுக்குத் தூங்கினார்."

"தண்ணி?"

"பக்கத்துலயே கூஜா இருக்கு. எடுத்துக் குடிச்சார்."

"போர்வை நழுவிப் போச்சுன்னு கூப்பிடுவாரே?"

"கை இருக்கு, இழுத்துப் போட்டுக்கிட்டார்."

"மணி என்ன ஆச்சுன்னு கேட்பாரே?"

"சுவர்ல கடிகாரம் தொங்குது."

ஆசிரியை அதற்குமேல் கேட்கவில்லை. வாசகர்களே, நீங்களும் கேட்க வேண்டாம். மகனை ஓர் இரவுகூட அழைக்காத தந்தை மருமகளை இரவுதோறும் அழைத்தார் என்றால், அவருக்கு வேண்டியிருந்தது தண்ணீரும் அல்ல, போர்வையும் அல்ல. அழைத்தால் ஓடிவர ஓர் ஆள் வேண்டும். அலுவலகம் பிடுங்கிக்கொண்ட கடைநிலை ஊழியரை, மாலையும் மேளமுமாய் மகன் வீட்டுக்கே அழைத்து வந்து கொடுத்திருக்கிறான்!

"இப்ப அதெல்லாம் எதுக்கு?" என்றார் பட்டையார். "மேடையில ரெண்டே வாக்கியம் சொல்லு. பட்டை கட்டினேன். நல்லா தூங்கினேன். ரெண்டுல எது பொய்?"

பொய்யே இல்லாத புரட்டு! பெருமக்களே, பொய்யைக் கையோடு பிடிக்கலாம். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அவற்றை உறவுக்காரர்களாக்கிக் காட்டுபவனை எதைக் கொண்டு பிடிப்பது?

மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. சோதனையைக் கெடுத்தது தங்கை. சார்ஜ் போட்டாளா என்று சரிபார்க்காதது தங்கை. நாளை முதல் அவள் தொழிற்கூடத்துக்கு வர வேண்டாம், வேறெங்கும் யாரும் சேர்க்காதபடி நானே சொல்லிவைப்பேன் என்றார். மனைவி பக்கம் திரும்பி, நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இன்று இரவு மணி முக்காலியில்தான் இருக்கும், அதன் ஓசைக்கு எதற்கு மனக்கசப்போடு எழுந்து போக வேண்டும் என்று அறிவுரையும் வழங்கினார்.

தங்கை தலை குனிந்தாள். தவறு தன்னுடையது என்பதே அவள் வாயை அடைத்தது.

ஆசிரியை எழுந்தார். சேலையைச் சரிசெய்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மேடைக்கு எதற்குப் பை என்று கணவர் கேட்டதற்கு, மூக்குக்கண்ணாடி அதில்தான் இருக்கிறது என்றார்.

அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் மாமனார், கால்மேல் கால் போட்டு. மேடையின் ஓரத்தில் பெட்டிகள் கோபுரமாய் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் கண்மூடிப் புன்னகைக்கும் ஆசிரியையின் படம். அந்தப் படம் எடுத்த நாளில் அவர் உறங்கி இரண்டு நாளாகியிருந்தது என்பது சில அத்தியாயங்களுக்கு முன் நீங்கள் படித்ததுதான்.

பட்டையார் மனைவியை அறிமுகப்படுத்தினார். என் முதல் நோயாளி, என் முதல் வெற்றி என்றார். கூட்டம் கைதட்டியது.

ஆசிரியை ஒலிவாங்கியின் முன் நின்றார்.

"நான் இந்தப் பட்டையைக் கட்டினேன்" என்றார். "ஆறு வாரம் நல்லா தூங்கினேன்."

மறுபடியும் கைதட்டல். பட்டையாரின் முகம் மலர்ந்தது. பூங்கொத்தோடு அவர் ஓரடி முன்னே வந்தார். ஆனால் ஆசிரியை நகரவில்லை. வகுப்பில் சத்தம் அடங்கக் காத்திருப்பவரைப் போல் காத்திருந்தார். அடங்கியது.

"இது பொம்மைப் பட்டை. இதுக்குள்ளே விளக்கைத் தவிர ஒன்னும் கிடையாது. இதைக் கண்டுபிடிச்சது என் நாத்தனார். அவளை நாளைக்கு வேலையை விட்டு அனுப்பப் போறதா இப்பத்தான் உள்ளே சொன்னாங்க. அனுப்பினா எதுக்கு அனுப்பினாங்கன்னு இங்கே இருக்கிற இத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கணும், அதுக்காகச் சொல்றேன்."

பூங்கொத்து பாதிவழியில் நின்றது.

பிறகு அவர் விளக்கினார், கரும்பலகையில் படிப்படியாய் எழுதுவது போல. பட்டை கட்டியதனால் தன் அறைக் கதவு சாத்தப்பட்டது. கதவு சாத்தப்பட்டதனால் தன்னை யாரும் எழுப்பவில்லை. எழுப்பாததனால் உறங்கினார். இதற்கு இவ்வளவு பெரிய தொழிற்கூடம் வேண்டியதில்லை. அவர் குரல் உயரவில்லை. உயராத குரலுக்குத்தான் அரங்கின் கடைசி வரிசை காது கொடுக்கும்.

சொல்லி முடித்துக் கைப்பையைத் திறந்தார். பித்தளை மணியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு தட்டுத் தட்டினார்.

டிங்.

என்ன நடந்தது தெரியுமா? முன்வரிசையில் இருந்த மாமனார் சட்டென்று மருமகளைப் பார்த்தார். மேடையோரத்தில் இருந்த பட்டையார் சட்டென்று மனைவியைப் பார்த்தார். மணியைத் தட்டியவரே அவர். இருந்தும், ஓசை கேட்டால் ஓடிவர வேண்டியவரும் அவரே என்று இரண்டு தலைமுறைக் கண்களும் ஒரே திசையில் திரும்பின. அரங்கம் அதைப் பார்த்தது. பின்வரிசையில் மருந்துக்கடை நடத்தும் ஒரு பெண்மணி தன்னையறியாமல் 'அடப்பாவிகளா' என்றது தெளிவாகக் கேட்டது.

மாமனார் எழுந்து நின்றார். அது தன் பொருள், தனக்குக் கிடைத்த மரியாதை, வீட்டுப் பொருளை நடுச்சபையில் வைக்க உனக்கு என்ன துணிச்சல் என்று கேட்டார்.

"உங்க பொருள்தான் மாமா. நீங்களே தட்டுங்க. இன்னைக்கு ராத்திரியும் தட்டுங்க. வேண்டாம்னு சொல்லலை."

சொல்லிவிட்டு ஆசிரியை அடுக்கிய பெட்டிகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். கடைக்குப் போகவிருந்த புதுப் பட்டை. நாத்தனாரை மேடைக்கு அழைத்து, இது உண்மையா பொம்மையா என்று எல்லாரும் கேட்கக் கேட்டார். விற்பனைக்கு வைத்த அனைத்தும் உண்மைப் பட்டைகளே, சார்ஜ் போட்டு வைத்தவையே என்றாள் தங்கை. அவள் குரல் திரும்பியிருந்தது.

ஆசிரியை அந்தப் பட்டையைக் கணவரிடம் நீட்டினார்.

"இதை இன்னைக்கு ராத்திரி நீங்க கட்டிக்குங்க. மணியோட சத்தம் உங்க தலைமாட்டுல கேட்கட்டும். மாமா வழக்கம்போலத் தட்டட்டும், நீங்க எழுந்து எழுந்து போங்க. போயிட்டு வந்து படுத்தா மறுபடி தூக்கம் வரும், அதுக்குத்தானே இதைச் செஞ்சேன்னு காலையில சொன்னீங்களே. நாளைக்கு இதே மேடையில நின்னு, தூங்கினேனா இல்லையான்னு இவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நல்லா தூங்கியிருந்தா கடை கடையா வந்து நானே விக்கிறேன்."

"கட்டிக்குங்க சார், உங்க பட்டைதானே" என்று பின்வரிசையிலிருந்து அந்த மருந்துக்கடைப் பெண்மணி சொன்னார். சிரிப்பு எழுந்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த கணமே சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவரவர் வீட்டு நினைவு வந்திருக்கும்.

பட்டையாரின் ஒரு கையில் பூங்கொத்து. மறு கை எதிலும் இல்லை. அரங்கு முழுவதும் அந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டினால் இரவு போய்விடும். நீட்டாவிட்டால் வியாபாரம் போய்விடும். மாமனாரோ மேசைமேல் இருந்த மணியை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் முன்வரிசையில் எழுந்த இடத்திலேயே நின்றார்.

அந்தக் கை நீண்டதா, மடங்கியதா என்பதை நான் இப்போது சொல்லப் போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் அவசரத்தில் நீங்கள் உங்கள் கையை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே சொல்லாமல் நிறுத்துகிறேன்.

ஏனென்றால் உங்கள் வீட்டிலும் ஒரு மணி இருக்கிறது. பித்தளையில் இருக்க வேண்டும் என்பதில்லை. 'அம்மா, என் சட்டை எங்கே' என்பது மணிதான். 'இன்னும் ஒரு டம்ளர் தேநீர்' என்பது மணிதான். எதிரே தொங்கும் கடிகாரத்தைப் பார்க்காமல் உள்ளறையைப் பார்த்து நேரம் கேட்பதும் மணிதான். அதன் ஓசை கேட்டதும் உங்கள் வீட்டில் எழுந்து வருபவர் யார் என்று இன்று கவனியுங்கள். நீங்கள் எழுந்தீர்களா என்றும் கவனியுங்கள். அவர் உறங்கவில்லை என்று மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், பட்டை வாங்கிக் கொடுக்கவும் எண்ணியிருப்பீர்கள். மருத்துவர் தந்ததைத் தடுக்க நான் யார்? அதை அவர் தொடரட்டும். ஆனால் கடைக்குப் போகுமுன் ஒரு சோதனையை நீங்களே நடத்துங்கள். இன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். குழந்தை அழுதால் நீங்கள் எழுந்திருங்கள். முதியவர் அழைத்தால் நீங்கள் போய் நில்லுங்கள். உறக்கம் இழந்தவருடைய அறைக் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு, உங்கள் வீட்டு மணி எதுவோ அதை எடுத்து உங்கள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.